பத்து நிமிடத்தைத் தேடிய கந்தோர்

திருகோணமலையின் சீனன்குடா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு ஆகாய மார்க்கமாக நூற்றுப் பதினைந்து மைல். இந்த ஒரு வசனத்தைப் பாதுகாப்பதற்காக அரசாங்கம் எனக்குப் பல வருடம் சம்பளம் தந்தது. அந்த வருடங்களில் நான் செய்த வேலை எதுவும் எனக்கு நினைவில்லை. ஒரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் கந்தோரின் முழுப் பெயர் ஆகாயத் தூர நேர நிர்ணயக் கந்தோர். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் விட்டுப் போன தகரக் கொட்டகை ஒன்றில் அது இருந்தது. ஊரில் தூரக் கந்தோர் என்றால் தெரியும். அது பிறந்த கதை சிறியது. விமான நேர அட்டவணையில், சீனன்குடாவிலிருந்து பலாலிக்குப் போக ஐம்பத்து மூன்று நிமிடம், பலாலியிலிருந்து சீனன்குடாவுக்கு வர நாற்பத்து மூன்று நிமிடம் என்று ஒரு விமானி உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். கொழும்பில் அதைப் பார்த்த பெரிய துரை ஒருவர், தூரம் ஒன்றாயிருக்க நேரம் எப்படி இரண்டாயிற்று, மிச்சப் பத்து நிமிடம் எங்கே என்று ஓரத்தில் பச்சை மையால் கேட்டார். அந்தப் பத்து நிமிடத்தைக் கண்டுபிடிக்க ஓர் உத்தியோகத்தரை அனுப்பினார்கள். உத்தியோகத்தருக்கு ஓர் எழுதுவினைஞர் வந்தார், எழுதுவினைஞருக்கு ஒரு பியோன் வந்தார், பியோனுக்கு ஒரு சைக்கிள் வந்தது. நான் சேர்ந்தபோது நாங்கள் பதினொரு பேர். பலாலியிலும் இதே வேலைக்கு ஒரு கந்தோர் திறந்து, அங்கே பன்னிரண்டு பேரை வைத்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டாவது ஆள் எதற்கு என்று எங்கள் பக்கத்தில் ஒரு தனிக் கோவை, கடிதமும் பதிலுமாக, ஓடிக்கொண்டிருந்தது.

தினமும் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் எல்லாரும் எழுந்து நிற்போம். அத்தியட்சகர் தங்கத்துரை வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்த தேசப்படத்தில் சீனன்குடாவிலிருந்து பலாலிவரை நூல் பிடித்து அளப்பார். நூலை அளவுகோலில் வைத்து, "நூற்றுப் பதினைந்து" என்று உரத்துச் சொல்வார். தலைமை எழுதுவினைஞர் கதிரவேல், "நூற்றுப் பதினைந்து" என்று திருப்பிச் சொல்லிப் பதிவார். பின்னேரம் நாலு மணிக்கும் இதே சடங்கு. மாரி காலத்தில் கடதாசி ஈரத்தில் ஊதித் தூரம் அரை மைல் கூடிவிடும். அதற்குப் பருவகாலத் தூரம் என்று பெயர் வைத்துக் கொழும்புக்கு அறிவிப்போம். கவனத்தில் கொள்ளப்பட்டது என்று கொழும்பு பதில் எழுதும்.

மூன்று மாதத்துக்கொரு முறை பலாலிக்காரருடன் கூட்டம் நடக்கும். அதற்கு நாங்கள் ரயிலில், மாகோவில் வண்டி மாறி, கண் சிவக்கச் சிவக்கப் போய்ச் சேருவோம். விமானத்தில் போகக்கூடாது. விசாரணையில் இருக்கும் விமானத்தில் விசாரிப்பவரே ஏறினால் பக்கச்சார்பு உண்டாகிவிடும் என்பது அத்தியட்சகரின் கருத்து. ஆகையால் ஆகாய நேரத்தை நிர்ணயிக்கும் இருபத்து மூன்று பேரில் ஒருவர்கூட ஆகாயத்தில் போனதில்லை.

பத்து நிமிடத்தைப் பற்றி அத்தியட்சகரிடம் ஒரு கோட்பாடு இருந்தது. தேசப்படத்தில் யாழ்ப்பாணம் மேலே இருக்கிறது, திருகோணமலை கீழே இருக்கிறது. போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். இதை அவர் நாற்பது பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார். கொழும்பு அதைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டிருந்தது. நான் சிரிக்கவில்லை. நிரந்தர நியமனம் கிடைக்காதவன் சிரிக்கிற வழக்கம் எங்கள் கந்தோரில் இல்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கச்சான் காற்று நாலைந்து நாளாய் மேற்கிலிருந்து சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. காலை அளவை நடந்துகொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். சாரமும் வெள்ளைச் சேர்ட்டும், தலையில் தொப்பி. சேர்ட்டின் முன்பக்கம் உப்புத் தண்ணீர் பட்டு நனைந்திருந்தது. கையில் ஒரு தந்தி. நூல் பிடித்திருக்கும் நேரத்தில் யாரும் பேசக்கூடாது என்பதால் பியோன் கையைக் காட்டி அவரை நிறுத்திவைத்தார். அவரும் எங்களைப் போலவே அசையாமல் நின்றார். ஏதோ வழிபாடு என்று நினைத்திருக்க வேண்டும்.

அளவை முடிந்து அத்தியட்சகர் கையுறையைக் கழற்றிய பிறகு அவரை உள்ளே விட்டார்கள்.

"என்ன விசயம்? சொல்லும்" என்றார் அத்தியட்சகர்.

"துரை, என்ர பேர் ஸெய்னுதீன். மூதூர் லாஞ்சியில சுக்கான் பிடிக்கிறன். பிளேன் இங்கருந்து யாழ்ப்பாணம் போக எவ்வளவு நேரம் செல்லும் எண்டு கேக்க வந்தனான். டிக்கட் குடுக்கிற இடத்தில கேட்டன். நேரம் சொல்ல எங்களுக்கு அதிகாரமில்ல, தூரக் கந்தோரில போய்க் கேளுங்க எண்டு அனுப்பினாங்க."

இத்தனை வருடத்தில் பொதுமகன் ஒருவர் எங்களிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எதற்காகக் கேட்கிறீர்?" என்றார் அத்தியட்சகர்.

ஸெய்னுதீன் தந்தியை நீட்டினார். அத்தியட்சகர் அதை வாங்காமல் என்னைப் பார்த்தார். நான் வாங்கி வாசித்தேன். 'பல்கீஸ் மௌத். பிள்ளை சுகம். லுஹருக்கு ஜனாஸா. வருவதானால் நேரம் அறிவிக்கவும். அபூதாஹிர்.'

"பல்கீஸ் என்ர மகள், துரை. ஒரே மகள்" என்றார் ஸெய்னுதீன். "அபூதாஹிர் மருமகன். யாழ்ப்பாணத்தில கடை வைச்சிருக்கிறார். பிள்ளைப் பேறுக்கெண்டு என்ர பெண்சாதி றுக்கியாவும் அங்கதான் போய் நிக்கிறா. விடியக்குள்ள, சுபஹு நேரம் பிள்ளை பிறந்து, தாய் மௌத்தாப் போயிட்டா. இந்தத் தந்தி மூதூருக்கு வரக்குள்ள ஏழு மணி லாஞ்சி வெளிக்கிடப் போகுது. வேற ஆளில்ல. நான்தான் சுக்கானைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

இதை அவர் அழாமல் சொன்னார். கண்ணைக் கடலிலேயே வைத்துப் பழகிய மனிதர். எங்களைப் பார்க்காமல் எங்களுக்குப் பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிறகு விளக்கினார். மையித்தை, அதாவது உடலை, வீட்டில் வைத்துக் காக்க வைப்பது அவர்களிடம் வழக்கமில்லை. லுஹர் தொழுகை பன்னிரண்டே காலுக்கு. தொழுததும் எடுத்துவிடுவார்கள். இன்ன நேரத்துக்கு வருகிறேன் என்று தகப்பன் திட்டமாகச் சொன்னால் அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் பொறுப்பார்கள். விமானம் பதினொன்றரைக்குப் புறப்படும். எத்தனை நிமிடம் என்று தெரிந்தால் இப்போதே தந்தி அடித்துவிட்டு ஏறிவிடுவார். கபன் துணியை மூடிக் கட்டுவதற்கு முன் மகளின் முகத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நேரஞ் சொல்லாம, வாறன் இருங்க எண்டு சொல்லேலாது துரை. மையித்தைச் சும்மா காக்க வைச்ச பாவம் எனக்கு வேணாம்."

தட்டெழுத்தாளர் இரத்தினேஸ்வரி மூலையிலிருந்து, "ஒரு மணித்தியாலத்துக்குள்ள போயிடும் ஐயா. நீங்கள் வெளிக்கிடுங்கோ" என்றார்.

அத்தியட்சகர் திரும்பிப் பார்த்தார். "மிஸ் இரத்தினேஸ்வரி, நீங்கள் இப்போது சொன்னது உத்தியோகபூர்வமற்ற நேரம். அதைப் பதிவிலிருந்து நீக்குகிறேன்." பிறகு ஸெய்னுதீனிடம், "உத்தியோகபூர்வமற்ற நேரத்தைத் தந்தியில் அனுப்பினால் அது குற்றம். உமக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது துரை. எது சரியோ அதைச் சொல்லுங்க, அதை அனுப்புறன்."

"அதைத்தான் ஒன்பது வருடமாக விசாரித்துக்கொண்டிருக்கிறோம்."

ஸெய்னுதீன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாராவது சிரிப்பார்கள், பகிடி என்று விளங்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் குனிந்துகொண்டேன். ஐம்பத்து மூன்று என்ற எண் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல ஒரு வினாடி போதும். அடுத்த மாதம் என் நியமனம் நிரந்தரமாவதாக இருந்தது.

கேள்வி எழுந்துவிட்டபடியால் படிவம் நிரப்ப வேண்டும். கதிரவேல் மூன்று பிரதிகள் கொடுத்தார். வினவுபவர் பெயர், பிறந்த இடம், வினவும் நோக்கம், பதில் எந்த மொழியில் வேண்டும், பதில் கிடைத்தால் அதைக் கொண்டு என்ன செய்ய உத்தேசம். கடைசிக் கேள்விக்கு ஸெய்னுதீன் வெகுநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'மகளைப் பார்க்க' என்று எழுதினார். இடம் மிச்சமிருக்கிறதென்று அதை விரிவாக எழுதச் சொன்னார் கதிரவேல்.

பத்து மணிக்கு ஸெய்னுதீன் எழுந்தார். "துரை, நேரம் வேணாம். நான் கேட்டது பிழை. தந்தி அடிக்காமலே போறன். கிடைச்சா முகம், கிடைக்காட்டி மண். டிக்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போறன்."

அவர் டிக்கட் கொடுக்கும் இடத்துக்குப் போனார். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். எங்கள் கந்தோரில் கேள்வி நிலுவையில் உள்ள ஒருவருக்கு, பதில் வழங்கப்பட்டதற்கான முத்திரை இல்லாமல் டிக்கட் கொடுக்க முடியாதாம்.

"அது சரிதான்" என்றார் அத்தியட்சகர். "நேரம் தெரியாது என்று எழுத்தில் தந்த ஒருவரை நாங்கள் எப்படிப் பறக்கவிடுவது? நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று நடந்தால் பொறுப்பு யாருடையது?"

"அங்க பதினாறு பேர் டிக்கட்டோட நிக்கினம் துரை. அவங்களுக்கும் நேரம் தெரியாதுதானே."

"அவர்கள் கேட்கவில்லை. கேட்காதவருக்கு நாங்கள் பொறுப்பில்லை."

"படிவத்தைக் கிழிச்சிட்டு நானும் கேக்கேல்ல எண்டு வைச்சா?"

அத்தியட்சகர் உண்மையாகவே மனம் நொந்துபோனார். "அரசாங்கப் படிவத்தைக் கிழிக்கிறதா? நீர் ஒரு கௌரவமான மனிதராகத் தெரிகிறீர். இப்படிப் பேசலாமா? கேளும். ஒருவருக்குப் பிழையான நேரத்தைச் சொல்லி அனுப்புவதைவிட, அவரை அனுப்பாமல் விடுவது எவ்வளவோ நேர்மையானது. உமது துக்கத்தில் நாங்கள் பிழையான எண் ஒன்றைக் கலக்க விரும்பவில்லை."

ஸெய்னுதீன் கதிரையில் இருந்தார். நான் இரண்டு நேரங்களும் எழுதிய அட்டவணையை ஒரு கோவைக்குள் வைக்கிற சாட்டில் அவர் கண்ணில் படும்படி மேசையில் விட்டேன். என் வீரம் அவ்வளவுதான். அவர் அதை வாசித்தார்.

"ஐம்பத்து மூண்டும் நாப்பத்து மூண்டுமா" என்றார். "இதில என்ன கேள்வி இருக்கு துரை? கச்சான் அடிக்குதுதானே. போகக்குள்ள எதிர்க்காத்து, வரக்குள்ள பின்காத்து. என்ர லாஞ்சியும் அப்பிடித்தான். இண்டைக்குத் திருகோணமலைக்கு வர ஒண்டேகால் மணித்தியாலம் சென்றது. திரும்பிப் போக ஒரு மணித்தியாலம் செல்லும். வாடைக்காத்துக்கு வேற கணக்கு. இது எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

கதிரவேலின் பேனை நின்றது. அத்தியட்சகர் மெல்ல எழுந்து கதவைச் சாத்தினார். காற்று எங்கள் விடயத்துக்குள் வராது. அது வேறொரு கந்தோருக்குச் சொந்தம். ஒன்பது வருடமாக எங்கள் கந்தோருக்குள் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. தகரக் கூரை அந்த நேரத்தில் கச்சானில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அத்தியட்சகர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "நாங்கள் சொன்னால்தான் அத்துமீறல். பொதுமகன் ஒருவர் சாட்சியமாகச் சொன்னால் பதிவு செய்யலாம். நீங்கள் கொஞ்சம் இருங்கள், ஸெய்னுதீன். தம்பி, அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவா." அவர் 'நீர்' என்பதை விட்டு 'நீங்கள்' என்று கூப்பிடத் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

விசாரணை பத்தேமுக்காலுக்குத் தொடங்கியது. அத்தியட்சகர் கேட்டார், கதிரவேல் எழுதினார், நான் பிரதி எடுத்தேன். எத்தனை வருடமாகச் சுக்கான் பிடிக்கிறீர்கள்? காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை எவ்வாறு அறிகிறீர்கள்? கன்னத்தில் படும் என்கிறீர்கள், எந்தக் கன்னத்தில்? அந்தக் கன்னத்தில் அன்றைய தினம் சவரம் செய்திருந்தால் வித்தியாசம் உண்டா? மூதூர் கடலில் அடிக்கும் காற்றும் ஆகாயத்தில் அடிக்கும் காற்றும் ஒரே காற்றுத்தான் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் உண்டா?

ஸெய்னுதீன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வேகமாகச் சொன்னால் வேகமாக முடியும், முடிந்தால் முத்திரை விழும் என்று நம்பினார். இடைக்கிடை சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "துரை, பிளேன் வந்திடும்" என்று மூன்று தரம் சொன்னார். மூன்றையும் கதிரவேல் பதிவில் எழுதினார்.

பதினொன்று பத்துக்கு விமானம் வந்து இறங்கியது. யன்னலால் பார்த்தால் தெரிகிற தூரத்தில் நின்றது. ஆட்கள் வரிசையாக ஏறினார்கள். ஸெய்னுதீன் எழுந்து நின்றுகொண்டே பதில் சொன்னார். இரத்தினேஸ்வரி தட்டெழுத்தை நிறுத்திவிட்டு முத்திரைப் பெட்டியைப் பார்த்தார். பூட்டிய பெட்டியின் திறப்பு அத்தியட்சகரின் இடுப்பில் இருந்தது. பதினொன்றரைக்கு இயந்திரம் முழங்கியது. அத்தியட்சகரின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அவர் கையை உயர்த்தி எல்லாரையும் பொறுக்கச் சொன்னார். 'விமான இரைச்சல் காரணமாக விசாரணை நான்கு நிமிடம் நிறுத்திவைக்கப்பட்டது' என்று பதிவில் இருக்கிறது. அதை எழுதியது நான். அன்று அந்த விமானத்தில் ஐந்து கதிரைகள் வெறுமையாகப் போயின.

சத்தம் அடங்கியதும் ஸெய்னுதீன் திரும்பவும் கதிரையில் இருந்தார். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கு ஓம், இல்லை என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டே காலுக்கு முற்றத்துக் குழாயில் கைகால் முகம் கழுவி, கொட்டகையின் நிழலில் தன் துவாயை விரித்துத் தொழுதார். நாங்கள் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தோம். என்னால் சாப்பிட முடியவில்லை என்று எழுத ஆசை. சாப்பிட்டேன்.

பின்னேரம் இரண்டு மணிக்குச் சாட்சியம் முடிந்தது. அத்தியட்சகர் பூரித்துப் போயிருந்தார். ஒன்பது வருடமாய்த் தேடிய பத்து நிமிடம் கையில் வந்துவிட்டது. அப்போதுதான் கதிரவேல் அவருடைய காதுக்குள் குனிந்து, பத்து நிமிடம் கிடைத்துவிட்டது என்று கொழும்புக்கு எழுதினால் அதைத் தேடுகிற கந்தோருக்கு என்ன வேலை என்று கேட்டார். அத்தியட்சகரின் முகம் ஒரு கணம் கறுத்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருவரும் உள்ளறையில் இருந்தார்கள். வெளியே வந்தபோது தீர்ப்புத் தயாராக இருந்தது.

அத்தியட்சகர் எழுந்து நின்று வாசித்தார். "காற்று உண்டு என்ற உள்ளூர் அபிப்பிராயத்தை இக்கந்தோர் மரியாதையுடன் பதிவு செய்கிறது. காற்றைப் பற்றி மேலும் ஆராய ஆறு உத்தியோகத்தர்கள் தேவை. அந்த ஆராய்ச்சி முடியும்வரை, காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு இரண்டரை மைல் வீதம், நூற்றுப் பதினைந்து மைலுக்கும் நாற்பத்தாறு நிமிடம் என நிர்ணயிக்கப்படுகிறது. போவதற்கும் நாற்பத்தாறு. வருவதற்கும் நாற்பத்தாறு. இனி எந்தத் தகப்பனும் இந்தக் கேள்விக்குப் பதிலில்லாமல் நிற்க வேண்டியதில்லை."

கடைசி வசனம் வாசிக்கையில் அவருக்குக் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. அவர் மனம் இளகித்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

திறப்பை எடுத்துப் பெட்டியைத் திறந்து முத்திரை குத்தி, பத்திரத்தை இரண்டு கையாலும் ஸெய்னுதீனிடம் நீட்டினார். பத்திரம் சிங்களத்தில் இருந்தது. ஸெய்னுதீன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில என்ன எழுதியிருக்கு துரை?"

"நாற்பத்தாறு நிமிடம். உத்தியோகபூர்வமாக."

"இப்ப மூண்டரை மணி துரை. மகளை அடக்கியிருப்பினம்."

"அது எங்களுக்கு மிகவும் வருத்தம். பதில் திருப்தி என்று இந்த இடத்தில் ஒரு கையொப்பம் வையுங்கள்."

அவர் வைத்தார். ஏன் வைத்தீர்கள் என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. நாளைக்கு அவருக்கு டிக்கட் வேண்டும். அதற்கு அந்தக் கையொப்பம் வேண்டும். அன்று இரவு அவர் எங்கே படுத்தார் என்பதையும் நான் விசாரிக்கவில்லை.

நிர்ணயித்த நேரத்தை நேரில் அவதானிக்க வேண்டும் என்று அத்தியட்சகர் அடுத்த நாள் என்னை விமானத்தில் ஏற்றினார். காற்று உண்டு என்று பதிவாகிவிட்டபடியால் பக்கச்சார்பு பற்றிய பயம் இப்போது குறைந்திருந்ததாம். கையில் ஒரு நிறுத்தற் கடிகாரம் தந்தார். "தம்பி, நாற்பத்தாறைக் கவனமாக அவதானித்து வா" என்றார். எனக்குக் கிடைத்த இருக்கை ஸெய்னுதீனுக்குப் பக்கத்தில்.

சக்கரம் நிலத்தை விட்டதும் கடிகாரத்தை அழுத்தினேன். கீழே கொட்டியாரக்குடாவும் அதன் அந்தப் பக்கத்தில் மூதூரும் தெரிந்தன. விமானம் திரும்பி வடமேற்குப் பிடித்ததும் எதிர்க்காற்றில் குலுங்கத் தொடங்கியது. ஸெய்னுதீன் யன்னலால் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நாற்பத்தாறாவது நிமிடத்தில் எங்களுக்குக் கீழே பனங்காடும் கடல்நீரேரியும்தான் இருந்தன. நான் கடிகாரத்தை மறைக்கப் பார்த்தேன்.

"மறைக்க வேணாம் தம்பி, நான் பாக்கோணும்" என்றார். அந்தப் பயணத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

பலாலியில் சக்கரம் நிலத்தில் பட்டபோது ஐம்பத்து மூன்று நிமிடம். ஒரு வினாடி கூடவுமில்லை, குறையவுமில்லை.

முந்தின நாள் பின்னேரம் ஸெய்னுதீன் அடித்த தந்தியைக் கண்டு அபூதாஹிர் வாடகைக் கார் ஒன்றுடன் வந்து நின்றார். தாடி வழிக்காத முகம். இளம் மனிதர், முப்பது வயது இருக்காது. மாமனைக் கண்டதும் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். யார் என்று கேட்காமல் என்னையும் காரில் ஏற்றினார்கள். ஸெய்னுதீனின் சிநேகிதன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் அப்படியில்லை என்று சொல்லவில்லை. அங்கேயும் சொல்லவில்லை.

நேரே, அடக்கம் செய்த மையவாடிக்குப் போனோம். மண் ஈரம் காயாமல் இருந்தது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பச்சைக் கம்பு ஒவ்வொன்று நட்டிருந்தார்கள். ஸெய்னுதீன் கை ஏந்தி ஓதினார். நான் வேலிக்குப் பக்கத்தில் நின்றேன். ஓதி முடிந்ததும் அவர் மண்ணைத் தடவிக்கொண்டு குந்தியிருந்தார். அபூதாஹிரும் பக்கத்தில் குந்தினார்.

"லுஹருக்கு எடுக்கிறதெண்டுதான் மாமா தந்தி அடிச்சனான்" என்றார் அபூதாஹிர். "நீங்கள் நேரம் அறிவிக்கேல்ல. அறிவிக்காட்டி எடுத்துப் போடுவம் எண்டுதான் எல்லாரும் சொல்லிச்சினம். மாமி விடேல்ல. அவர் வாறார், பிளேனில வாறார், கொஞ்சம் பொறுங்கோ எண்டு காலைப் பிடிக்காத குறை. பள்ளிவாசல் லெப்பையும் ஒண்டும் சொல்லேல்ல. கபனைக் கட்டின நாங்கள் முகக்கட்டை மட்டும் அவிட்டு விட்டிருந்தம். கார்ச் சத்தம் கேக்கிற நேரமெல்லாம் மாமி எழும்பி வாசலுக்குப் போவா. பின்னேரம் அஸர் பாங்கு சொன்னாப் பிறகுதான் இனி ஏலாதெண்டு கட்டினம்."

ஸெய்னுதீன் நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார்.

"அஸர் வரைக்குமா வைச்சிருந்தீங்க?"

"ஓம் மாமா. மூண்டு மணித்தியாலத்துக்கு மேல."

நேரம் சொல்லாமல் மகளைக் காக்க வைக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்த மனிதர் எங்கள் கந்தோருக்கு வந்தார். மகள் எப்படியும் காத்திருந்தாள். முகத்தைத் திறந்துகொண்டு, தகப்பன் காற்றைப் பற்றிச் சாட்சி சொல்லி முத்திரை வாங்கும்வரை காத்திருந்தாள்.

ஸெய்னுதீன் மண்ணிலிருந்து கையை எடுத்தார்.

"ஐம்பத்து மூண்டு நிமிசம்தான் மகன்" என்றார். "வேற ஒண்டுமில்ல. ஐம்பத்து மூண்டு நிமிசம்தான்."

அதன் பிறகு அவர் அழத் தொடங்கினார். அபூதாஹிர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் மெல்ல வெளியே வந்து, ரயில் நிலையத்துக்கு நடந்தே போனேன். அவதானிப்பு அறிக்கையை வண்டியிலேயே எழுதி முடித்தேன். அதில் நாற்பத்தாறு நிமிடம் என்று எழுதினேன். அடுத்த மாதம் என் நியமனம் நிரந்தரமாயிற்று.